நடுவர் சொன்னது சரியா தப்பா? சத்தம் போடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை

2024 ஜூன் 11 ராத்திரி, கானாடுகாத்தானில் எங்கள் சித்தப்பா வீட்டு வளவில், அதாவது உள் முற்றத்தில், இரண்டு தூணுக்கு நடுவே வெள்ளை வேட்டியைக் கட்டி, புரொஜெக்டர் போட்டு தோகாவில் நடந்த இந்தியா – கத்தார் கால்பந்து ஆட்டம் பார்த்தோம். பெரியவர்கள், பொடிசுகள் என்று இருபது பேர் இருப்போம். 37-வது நிமிஷத்தில் நம் சாங்தே கோல் போட்டார். ஜெயித்தால் உலகக் கோப்பைத் தகுதிப் போட்டியில் மூன்றாவது சுற்று. அப்புறம் 73-வது நிமிஷம். கத்தார் வீரர் தலையால் முட்டிய பந்தை நம் கோல்கீப்பர் குர்பிரீத் தடுத்தார், அது அவர் பக்கத்திலேயே உருண்டு கோல் கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டது, வெளியே போன பந்தை ஒரு கத்தார் வீரர் காலால் உள்ளே இழுத்தார், யூசுஃப் அய்மன் வலைக்குள் தள்ளினார். நம் ஆட்கள் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். நடுவர் கோல் என்று சொல்லிவிட்டார். காட்சியைத் திருப்பிப் பார்த்து நடுவருக்குச் சொல்கிற வீடியோ நடுவர் ஏற்பாடு, அதாவது வி.ஏ.ஆர்., அந்தச் சுற்றில் கிடையாது. 85-வது நிமிஷம் இன்னொரு கோல், 2-1, நம் கதை முடிந்தது.

அன்றைக்கு ஆயா சுட்டு வைத்திருந்த வெள்ளைப் பணியாரம் அப்படியே கிடந்தது. எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

ஆனால் மூன்று வாரம்கூட ஆகவில்லை, அதே வளவு, அதே வேட்டித் திரை, நள்ளிரவு பன்னிரண்டரை மணிக்கு யூரோ கோப்பையில் ஜெர்மனி – டென்மார்க். டென்மார்க்கின் ஆண்டர்சன் போட்ட கோல், டிலேனியின் கால் நுனி ஆஃப்சைடில் (எதிரணித் தடுப்பாளரைத் தாண்டி, கோல் பக்கம்) இருந்ததால் ரத்தானது. கொஞ்ச நேரத்திலேயே அதே ஆண்டர்சன் கையில் பந்து பட்டதென்று ஜெர்மனிக்கு பெனால்டி. 'காசு வாங்கிட்டானுங்க' என்று கத்தாத ஆள் எங்கள் கூட்டத்தில் இல்லை. தோகாவில் நடந்ததும் இதுவும் ஒன்றா? அங்கே வெளியே போன பந்துக்குக் கோல் கொடுத்தார்கள், திருப்பிப் பார்க்க வழியே இல்லை. இங்கே திருப்பிப் பார்த்தார்கள், அளந்தார்கள், விதியில் என்ன இருக்கிறதோ அதைச் சொன்னார்கள். இரண்டையும் ஒரே வார்த்தையில் திட்டினால், நமக்கு நிஜமாகவே நடந்த அநியாயத்தின் கனம் குறைந்து போகிறது. அது எனக்குப் பொறுக்கவில்லை. நடுவர் முடிவை எப்படிப் பார்ப்பது, எந்த வரிசையில் யோசிப்பது என்று எங்கள் வீட்டுப் பையன்களுக்குச் சொல்ல ஆரம்பித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ரீப்ளே வருவதற்குள் சொல்லிவிடுங்கள்

விசில் ஊதியதும் இரண்டு விஷயத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். நடுவர் மைதானத்தில் என்ன கொடுத்தார்? நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன கொடுத்திருப்பேன்? இதை ரீப்ளேக்கு முன்னால் சொல்ல வேண்டும். ஆறு கோணத்தில் ஸ்லோ மோஷன் பார்த்த பிறகு எல்லாருக்குமே 'அப்பவே தெரியும்' என்றுதான் தோன்றும். நடுவருக்குக் கிடைப்பது ஒரு நொடி, ஒரு கோணம், நடுவில் மறைக்கிற நாலு பேர்.

கூடவே அவர் எங்கே நின்றார் என்றும் பாருங்கள். 1986-ல் மெக்சிகோவில் மரடோனா கையால் தட்டிய கோலை துனீசிய நடுவர் அலி பின் நாசர் கொடுத்துவிட்டார், அந்த ஒரு முடிவை உலகம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. 2010 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் நெதர்லாந்தின் டி யோங், ஸ்பெயினின் ஷாபி அலோன்ஸோ நெஞ்சில் காலை நீட்டி உதைத்ததற்கு ஹோவர்ட் வெப் மஞ்சள் அட்டைதான் காட்டினார். தன் பார்வை மறைந்திருந்தது, அது சிவப்பு அட்டைக்கு உரியது என்று பின்னாளில் அவரே சொன்னார். ஆக முடிவு தப்பாக இருக்கலாம், ஆள் யோக்கியமாகவும் இருக்கலாம். இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கப் பழகினாலே பாதிச் சண்டை குறைந்துவிடும்.

நடுவர் முதலில் என்ன கொடுத்தார் என்பதை ஞாபகம் வைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அதுதான் முக்கியம். வி.ஏ.ஆர். அறையில் உட்கார்ந்திருப்பவர் வெள்ளைத் தாளில் புதிதாகத் தீர்ப்பு எழுதுவதில்லை. 'இது ஃபவுலா?' என்பது அவர் கேள்வி இல்லை. 'நடுவர் சொன்னது தெளிவான, யார் பார்த்தாலும் ஒப்புக்கொள்ளக்கூடிய தவறா?' என்பதுதான் அவர் கேள்வி. அல்லது, பெரிய சம்பவம் ஒன்றை நடுவர் பார்க்காமலே விட்டுவிட்டாரா? நாம் வீட்டில் உட்கார்ந்து முதல் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறோம், அவர் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்கிறார், பதில் ஒத்துவரவில்லை என்றதும் திருட்டு என்கிறோம்.

2021 ஜூலை 7, யூரோ அரையிறுதி, இங்கிலாந்து – டென்மார்க், கூடுதல் நேரம். இங்கிலாந்தின் ஸ்டெர்லிங் பாக்ஸுக்குள், அதாவது கோலுக்கு முன்னால் உள்ள பெனால்டி கட்டத்துக்குள், ஓடி விழுந்தார், நெதர்லாந்து நடுவர் டேனி மக்கெலி பெனால்டி கொடுத்தார். கேன் அடித்ததை ஷ்மைக்கேல் தடுத்தார், திரும்பி வந்த பந்தை கேனே கோலாக்கினார், இங்கிலாந்து இறுதிக்குப் போனது. நான் நடுவராக இருந்திருந்தால் அந்த பெனால்டியைக் கொடுத்திருக்க மாட்டேன், இன்றைக்கும் அதுதான் என் எண்ணம். ஆனால் கால்கள் உரசிய மாதிரி இருந்தது, கொடுத்தது சுத்தமான தவறு என்று அடித்துச் சொல்ல முடியாது, அதனால் வி.ஏ.ஆர். கையை வைக்கவில்லை. மக்கெலி விசில் ஊதாமல் விட்டிருந்தால் அதையும் அப்படியே விட்டிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஒரே சம்பவம், இரண்டு எதிர் முடிவு, இரண்டும் நிற்கும். இது நிறைய பேருக்கு ஜீரணமாவதில்லை. இந்த இடத்தை மட்டும் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

எதில் தலையிடலாம், எதில் கூடாது

2018 மார்ச்சில் விதிகளை வகுக்கும் ஐஃபேப் வி.ஏ.ஆருக்கு ஒப்புதல் கொடுத்தது, அந்த வருஷமே ரஷ்ய உலகக் கோப்பையில் வந்தது. அப்போது போட்ட எல்லை நாலுதான்: கோலா இல்லையா, பெனால்டியா இல்லையா, நேரடி சிவப்பு அட்டை, அட்டையை ஆள் மாற்றிக் கொடுத்துவிட்டாரா. நடு மைதானத்தில் த்ரோ-இன் யாருக்கு என்பதெல்லாம் இதில் வராது. விதிகள் வருஷா வருஷம் மாறும், புதியது ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வரும், அதனால் ஒவ்வொரு பெரிய போட்டிக்கு முன்னாலும் அந்த வருஷத்து மாற்றங்களை ஒரு தடவை படித்துவிடுங்கள். பழைய ஆட்டத்தைப் பேசும்போது அந்த வருஷத்து விதியை வைத்துத்தான் பேச வேண்டும்.

கோல் விழுந்தால் அந்த உதையை மட்டும் பார்க்க மாட்டார்கள், அந்தத் தாக்குதல் எங்கே தொடங்கியதோ அங்கிருந்து பார்ப்பார்கள். பெனால்டிக்கும் அப்படித்தான். 2022 உலகக் கோப்பையில் குரோஷியாவுக்கு பெல்ஜியத்துக்கு எதிராக பெனால்டி கொடுத்தார் ஆண்டனி டெய்லர், ஃபவுல் நடந்தது நிஜம், ஆனால் அதற்கு முந்தைய ஃப்ரீ கிக்கிலேயே லோவ்ரென் ஆஃப்சைடு, பெனால்டி ரத்து. 'ஃபவுல் பண்ணது கண்ணுக்குத் தெரியுதே' என்று கத்துகிறவர்கள் ஒரு பத்து நொடி பின்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

அளக்கிற விஷயமா, எடைபோடுகிற விஷயமா

அடுத்த படி இதுதான். பந்து கோட்டைத் தாண்டியதா, ஆஃப்சைடு இடத்தில் நின்றாரா, ஃபவுல் பாக்ஸுக்கு உள்ளேயா வெளியேயா, இதெல்லாம் அளக்கிற விஷயம். அளவு வந்துவிட்டால் நடுவர் திரைக்குப் போய்ப் பார்க்க வேண்டிய தேவை இல்லை, காதில் சொன்னதைக் கேட்டு மாற்றிவிடுவார். தள்ளியது ஃபவுல் ஆகுமா, கை வேண்டுமென்றே போனதா, ஆஃப்சைடில் நின்றவர் கோல்கீப்பரை மறைத்தாரா, இதெல்லாம் எடைபோடுகிற விஷயம். இதற்கு நடுவர் விரலால் சதுரம் வரைந்து, ஓரத்துத் திரைக்கு ஓடிப் போய்த் தானே பார்ப்பார். அவர் ஓடுகிறாரா நிற்கிறாரா என்பதை வைத்தே எந்த வகை என்று கண்டுபிடித்துவிடலாம். 2023-லிருந்து சில போட்டிகளில் நடுவர் மைக்கில் முடிவை அறிவிப்பதும் வந்தது, அந்த ஒரு வாக்கியத்தைக் கவனமாகக் கேளுங்கள், என்ன காரணம் என்று அதில் இருக்கும். எங்கள் வீட்டில் அந்த நேரத்தில்தான் எல்லாரும் ஒன்றாகப் பேசுவார்கள்.

அளக்கிற விஷயத்தில் 'கொஞ்சம்தானே' என்ற பேச்சுக்கே இடமில்லை. எடைபோடுகிற விஷயத்தில் 'கொஞ்சம்' என்பதுதான் எல்லாமே. டிலேனியின் கால் நுனிக்காக அழுதவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டார்கள்.

கோட்டைத் தாண்டியதா: ஆத்தங்குடிக் கல்லில் ஒரு பரிசோதனை

நம் பக்கத்து வீடுகளில் இதைச் செய்து பார்ப்பது ரொம்ப சுலபம். தரையில் இரண்டு ஆத்தங்குடிக் கல் சேருகிற கோட்டை கோல் கோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கால்பந்தை அந்தக் கோட்டுக்கு அப்பால் வையுங்கள், பந்து தரையைத் தொடும் புள்ளி கோட்டைத் தாண்டி இருக்கட்டும், ஆனால் பந்தின் வயிறு கோட்டுக்கு மேலே இருக்கட்டும். இப்போது பக்கவாட்டில் தள்ளி நின்று பாருங்கள், பந்து வெளியே கிடக்கிற மாதிரியே தெரியும், கல்லுக்கும் பந்துக்கும் நடுவில் இடைவெளிகூடத் தெரியும். ஒரு முக்காலியில் ஏறி நேர் மேலே இருந்து பாருங்கள், பந்து கோட்டை மறைத்துக்கொண்டிருக்கும். விதி சொல்வது முழுப் பந்தும் தாண்ட வேண்டும் என்று. பந்தின் குறுக்களவு சுமார் 22 சென்டிமீட்டர், அப்படியென்றால் அது தரையைத் தொடும் புள்ளி 11 சென்டிமீட்டர் வெளியே போனாலும் பந்து ஆட்டத்தில்தான் இருக்கிறது.

2022 டிசம்பர் 1, ஜப்பான் – ஸ்பெயின். மிதோமா ஓடிப்போய் கோட்டில் இருந்து பந்தைத் திருப்பிவிட்டார், தனாகா கோலாக்கினார், ஜப்பான் 2-1 என்று ஜெயித்தது, அதே ராத்திரி ஜெர்மனி போட்டியை விட்டு வெளியேறியது. பக்கத்தில் இருந்து எடுத்த படத்தைப் போட்டு உலகமே சிரித்தது. மேலே இருந்து எடுத்த படத்தில் பந்தின் விளிம்பு கோட்டின் மேல் இருந்தது. கோல் கோல்தான். இப்போது தோகா ஆட்டத்தின் காட்சியை இதே கண்ணோடு பாருங்கள். அதில் மேலிருந்து பார்க்க வேண்டிய தேவையே இல்லை, பந்துக்கும் கோட்டுக்கும் நடுவில் அவ்வளவு இடம். அதனால்தான் சொல்கிறேன், மிதோமாவுக்கு நியாயம் சொல்லத் தெரிந்தவன் பேசினால்தான் இந்தியாவுக்கு நடந்தது அநியாயம் என்ற பேச்சு எடுபடும்.

2010 உலகக் கோப்பையில் ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் லாம்பார்ட் அடித்த பந்து மேல் கம்பத்தில் பட்டு கோட்டைத் தாண்டி உள்ளே விழுந்து வெளியே வந்தது, உருகுவே நடுவர் லாரியோந்தா கோல் கொடுக்கவில்லை. அந்த ஆட்டத்துக்குப் பிறகுதான் கோல் கோட்டுத் தொழில்நுட்பத்துக்கான பேச்சு சூடு பிடித்தது, 2012-ல் ஒப்புதல், 2014 உலகக் கோப்பையில் நடுவர் கைக்கடிகாரம் அதிர ஆரம்பித்தது.

ஆஃப்சைடு: வளவுத் தூண்களை நினைத்துக்கொள்ளுங்கள்

மாட்டுவண்டிப் பந்தயம் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். எல்லைக்கு முன்னால் ரோட்டோரத்தில் நிற்பவன் பார்வைக்கு அவன் பக்கத்து வண்டிதான் முந்துகிற மாதிரி இருக்கும், சரியாகக் கொடிக்கு நேரே நிற்பவனுக்கு மட்டும்தான் எது முதல் என்று தெரியும். வளவில் எதிரெதிராக நிற்கிற தூண் வரிசையில் ஒரு மூலையில் நின்று குறுக்காகப் பாருங்கள், சரி நேராக நிற்கும் இரண்டு தூணில் ஒன்று முன்னால் இருப்பது போலவே தோன்றும். டி.வி. காமிரா அந்த மூலையில்தான் நிற்கிறது. அதனால் வீட்டில் படத்தை நிறுத்தி, திரையில் ஸ்கேல் வைத்துக் கோடு போடுகிற வேலையை விட்டுவிடுங்கள். புல் வெட்டிய கோடுகளை வேண்டுமானால் கொஞ்சம் நம்பலாம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடுகிற முன்கள வீரர், நொடிக்கு 25 படம் ஓடுகிற காட்சியில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் 32 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். டிஃபெண்டர் எதிர்த் திசையில் ஓடினால் அது இன்னும் கூடும். பந்து காலை விட்டுப் போன படம் எது என்று ஒரு படம் தப்பினால் முடிவே மாறிவிடும். 2022 கத்தார் உலகக் கோப்பையில் இதற்குத்தான் கூரைக்கு அடியில் 12 காமிரா வைத்து, ஒவ்வொரு வீரர் உடம்பிலும் 29 புள்ளிகளை நொடிக்கு 50 தடவை பதிவு செய்தார்கள், பந்துக்குள் இருந்த சென்சார் நொடிக்கு 500 தடவை தகவல் அனுப்பியது. அதே 8 மீட்டர் வேகத்தில், நொடியில் 500-ல் ஒரு பங்குக்கு ஒன்றரை சென்டிமீட்டர் சொச்சம்தான். முதல் ஆட்டத்திலேயே மூன்றாவது நிமிஷம் எக்வடார் கோல் இதில் ரத்தானது, இரண்டே நாளில் அர்ஜென்டினாவுக்கு சவுதிக்கு எதிராக முதல் பாதியில் மூன்று கோல் போனது.

ஆஃப்சைடு பார்க்கும்போது கேட்க வேண்டியது இதுதான்: சக வீரர் பந்தைத் தொட்ட முதல் கணத்தில், கோல் போடக்கூடிய ஏதாவது ஒரு பாகம், அதாவது தலை, உடம்பு, கால், பந்தையும் கடைசிக்கு முந்தின எதிரணி ஆளையும் தாண்டி இருந்ததா? கை கணக்கில் வராது, தோள் வரும், கை எங்கே ஆரம்பிக்கிறது என்றால் அக்குளின் அடிமட்டத்தில் இருந்து. கோல்கீப்பர்தான் கடைசி ஆளாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, எக்வடார் கோலில் அங்கேதான் எல்லாரும் குழம்பினார்கள், கோல்கீப்பர் முன்னால் ஏறி வந்துவிட்டார். கார்னர், த்ரோ-இன், கோல் கிக் மூன்றிலும் ஆஃப்சைடு இல்லை.

ஆஃப்சைடு இடத்தில் நிற்பது மட்டுமே குற்றம் ஆகாது. கடைசியாக பந்தை விட்டது யார் என்று பார்க்க வேண்டும். 2018-ல் ஜெர்மனிக்கு எதிராக தென் கொரியாவின் கிம் யங்-குவோன் போட்ட கோலுக்கு முதலில் கொடி தூக்கிவிட்டார்கள், பந்து வந்தது ஜெர்மனி வீரர் காலில் இருந்து என்று காட்சியில் தெரிந்ததும் கோல் கொடுத்தார்கள். 2021 நேஷன்ஸ் லீக் இறுதியில் எம்பாப்பே ஆஃப்சைடு இடத்தில்தான் நின்றார், நடுவில் ஸ்பெயினின் எரிக் கார்சியா நீட்டிய காலில் பந்து பட்டுப் போனது, டிஃபெண்டர் வேண்டுமென்றே ஆடிய பந்து என்று எடுத்துக்கொண்டு கோலை நிறுத்தவில்லை, ஃபிரான்ஸ் கோப்பையைத் தூக்கியது. அன்றைக்கு இருந்த விதிப்படி அந்த முடிவில் குறை சொல்ல முடியாது என்பது என் கட்சி. ஆனால் விதியே சரியில்லை என்று எல்லாருக்கும் தெரிந்தது. அடுத்த வருஷம் விளக்கம் கொடுத்தார்கள்: பந்து தூரத்தில் இருந்து வந்ததா, வேகமாக வந்ததா, எதிர்பார்த்த திசையா, உடம்பைத் திருப்பிச் சரிசெய்ய அவருக்கு நேரம் இருந்ததா என்றெல்லாம் பார்க்க வேண்டும் என்று. நடுவர் விதியைத் தப்பாகப் பயன்படுத்தினாரா, விதியே கோணலா என்று பிரித்துச் சொல்ல முடிகிறவர்தான் என் கண்ணில் நல்ல ரசிகர்.

கையில் பட்டால்

இதில்தான் சண்டை ஜாஸ்தி, நியாயமாகவே ஜாஸ்தி. கையில் பட்டதெல்லாம் குற்றமில்லை. கை பந்தை நோக்கிப் போனதா? இல்லையென்றால், கை உடம்பை இயல்புக்கு மீறி அகலமாக்கியதா? அந்த 'இயல்பு' எது என்பதை அந்த நேரத்து உடல் அசைவை வைத்துத்தான் சொல்ல வேண்டும், ஓடுகிறவன் கை வீசித்தான் ஓடுவான், குதிக்கிறவன் கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு குதிக்க மாட்டான். ஒரு விதிவிலக்கு இருக்கிறது: கோல் போட்டவர் கையில், தெரியாமல் பட்டிருந்தாலும்கூட, பட்ட உடனே அவரே கோல் போட்டால் கோல் கிடையாது. அவருடைய சக வீரர் கையில் தெரியாமல் பட்டால் 2021-க்குப் பிறகு அது குற்றமில்லை, அதற்கு முந்தைய ஆட்டங்களைப் பேசும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

2018 உலகக் கோப்பை இறுதிப் போட்டி, ஃபிரான்ஸ் – குரோஷியா, 1-1. கார்னரில் ஃபிரான்ஸின் மட்டுய்தி குதித்தார், பந்து அவரைத் தாண்டி பின்னால் நின்ற குரோஷியாவின் பெரிசிச் கையில் பட்டது. நடுவர் பிட்டானா திரையில் பார்த்தார், நகர்ந்தார், மறுபடியும் போய்ப் பார்த்தார், பெனால்டி கொடுத்தார், கிரீஸ்மன் அடித்தார். முன்னால் ஆள் மறைத்திருந்தார், பந்து வந்த தூரமும் குறைவு, இது பெரிசிச் பக்கம். கை கீழே இறங்கி பந்தின் பாதையில் வந்தது, இது மறுபக்கம். நடுவரே இரண்டு தடவை பார்க்க வேண்டியிருந்தது என்றால் அது 'தெளிவான தவறு' என்ற அளவுகோலைத் தாண்டியதா? தாண்டவில்லை என்பது என் கருத்து. ஆனால் திரைக்கு அழைத்ததில் தப்பு இல்லை, நடுவர் அதைப் பார்க்கவே இல்லையென்றால் பார்க்க வைப்பது வி.ஏ.ஆரின் வேலை. இதில் எனக்கு எதிராகப் பேசுகிற மச்சான் ஒருவர் இருக்கிறார், அன்றிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறோம், இரண்டு பேருமே விதியைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறோம், அதனால் இன்னும் ஒன்றாக உட்கார்ந்து ஆட்டம் பார்க்க முடிகிறது.

ஆண்டர்சன் விஷயத்துக்கு வருகிறேன். பந்துக்குள் இருந்த சென்சார் அலை துள்ளியதைக் காட்டினார்கள், கையில் பட்டது நிஜம் என்று அது சொல்லும், அவ்வளவுதான் சொல்லும். பட்டது குற்றமா என்பதை அது சொல்லாது. அங்கே அளவும் எடையும் கலந்து போயிற்று. கை விரிந்து இருந்தது, அதனால் விதிப்படி கொடுக்கலாம், கொடுத்தது கடுமை என்று ஒருவர் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் அதற்குப் பேர் கடுமை, மோசடி என்று சொல்லக் கூடாது. அதே சென்சார் 2022-ல் போர்ச்சுகல் – உருகுவே ஆட்டத்தில் ரொனால்டோ தலையில் பந்து படவில்லை என்று காட்டி, கோலை ப்ரூனோ ஃபெர்னாண்டஸ் கணக்கில் எழுத வைத்தது. அதன் வேலை அவ்வளவுதான்.

ஸ்லோ மோஷனை எங்கே நம்பலாம்

எங்கே பட்டது, எப்போது பட்டது, காலில் பட்டதா கணுக்காலில் பட்டதா, இதற்கு ஸ்லோ மோஷன் பாருங்கள். எவ்வளவு வேகமாக வந்தார், எவ்வளவு பலமாக மோதினார், வேண்டுமென்றா தற்செயலா, இதற்கு சாதாரண வேகத்தில்தான் பார்க்க வேண்டும். வி.ஏ.ஆர். நெறிமுறையிலேயே இப்படித்தான் இருக்கிறது. மெதுவாக ஓட்டினால் எல்லாமே திட்டம் போட்டுச் செய்த மாதிரி தெரியும், தடுமாறி மிதித்தவன்கூட கொலைகாரன் போலத் தெரிவான். டி.வி.யில் ஸ்லோ மோஷனையே திரும்பத் திரும்பப் போடுகிறார்கள், கண் அதற்குப் பழகிவிடுகிறது. ஒரு தடவையாவது முழு வேகத்தில் பார்க்காமல் சிவப்பு அட்டை பற்றிப் பேசாதீர்கள்.

'பந்தைத்தானே தொட்டான்' என்பது வக்காலத்து ஆகாது. கவனமில்லாமல் செய்தால் ஃப்ரீ கிக், எதிராளிக்கு ஆபத்து என்று பார்க்காமல் செய்தால் மஞ்சள், மிதமிஞ்சிய பலத்தில் அடிபடும் அளவுக்குச் செய்தால் சிவப்பு. முதலில் பந்தைத் தொட்டுவிட்டு அப்புறம் காலை உடைத்தாலும் சிவப்புதான். கோல் வாய்ப்பைக் கெடுத்தாரா என்பதற்கு நாலு விஷயம் பாருங்கள்: கோலுக்கு எவ்வளவு தூரம், ஆட்டம் கோலை நோக்கிப் போகிறதா, பந்து கோல் அடிக்கப் போனவர் வசம் இருந்ததா அல்லது வந்திருக்குமா, மறிக்க வேறு யாராவது இருந்தார்களா. பாக்ஸுக்குள் பந்தை ஆட நிஜமாக முயற்சி செய்து தவறியிருந்தால் 2016 முதல் பெனால்டியும் மஞ்சளும் போதும். இழுத்துப் பிடித்தாலோ கையால் தடுத்தாலோ அந்தச் சலுகை அப்படியே கிடைக்காது, 2010-ல் கானாவுக்கு எதிராக சுவாரெஸ் கோல் கோட்டில் கையால் தட்டி சிவப்பு வாங்கியது ஞாபகம் இருக்கும்.

நம் ஊர் மைதானத்தில்

நம் பக்கத்து மைதானங்களில் வி.ஏ.ஆரும் கிடையாது, கோல் கோட்டுக் கருவியும் கிடையாது. காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு பொங்கல் போட்டியில் நான் லைன்ஸ்மேனாக நின்றேன். கடைசி பத்து நிமிஷத்தில் ஒரு பையன் போட்ட கோலுக்கு ஆஃப்சைடு என்று கொடி தூக்கினேன். கடைசிக்கு முந்தின டிஃபெண்டருக்கு நேரே நிற்க வேண்டிய நான் மூன்று எட்டு பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அந்தக் கோணத்தில் என் பக்கமாக ஓடுகிறவர் முன்னால் இருப்பது போலத்தான் தெரியும். அவர்கள் அணி அந்த ஒரு கோலில் தோற்றது. ஆட்டம் முடிந்து ஒருவர் போனில் எடுத்த காட்சியைக் கொண்டுவந்து நீட்டினார், அதுவும் கோலுக்குப் பின்னால் மூலையில் நின்று எடுத்தது, அதிலும் ஒன்றும் நிச்சயமாகத் தெரியவில்லை. ஆனால் எனக்கு நான் நின்ற இடம் தெரியும். அடுத்த நாள் அந்தப் பையன் வீட்டுக்குப் போய், 'தம்பி, நான் சரியான இடத்தில் நிற்கவில்லை, கொடி தூக்கியிருக்கக் கூடாது' என்று சொல்லிவிட்டு வந்தேன். அவன், 'விடுங்கண்ணே' என்றான், அவனுடைய அப்பா ஒன்றும் பேசவில்லை.

இப்போது கொடி பிடிக்க வருகிற பையன்களை ஆட்டத்துக்கு முன்னால் அரை மணி நேரம் கோட்டோரம் ஓட விடுகிறேன். பந்தைப் பார்த்துக்கொண்டு ஓடாதே, கடைசிக்கு முந்தின டிஃபெண்டர் எங்கே போகிறாரோ அவரோடு போ. அவர் நின்றால் நில், அவர் ஏறினால் ஏறு, முகம் மைதானத்தைப் பார்த்து இருக்கட்டும், பக்கவாட்டில் கால் மாற்றி ஓடு. பந்து உதைபடும் சத்தம் காதில் விழுகிற அந்த நொடியில் கண் பந்தில் இருக்கக் கூடாது, டிஃபெண்டர் தோளில் இருக்க வேண்டும். பார்த்த பிறகு ஒரு மூச்சு விடு, அப்புறம் கொடி.